கொள்ளும் அளவும் கொடுக்கும் அளவும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் நான் நடத்திவரும் பாடங்களுள் 'கிதாபுல் புயூஉ' என்னும் கொள்வினை, கொடுப்பினைப் பாடமும் ஒன்று. ஹிஜ்ரி 428-இல் பக்தாதில் மறைந்த இமாம் குதூரீ (ரஹ்) அவர்களின் சுருக்க நூலை மாணவர்கள் விரித்து வைத்திருப்பார்கள். வெளியே கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பேருந்துகளின் ஊதல் கேட்கும். உள்ளே நாங்கள் ஒட்டகமும் குதிரையும் வாங்கி விற்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஆண்டுதோறும் மாணவன் ஒருவன், "ஹஜரத், இந்தக் காலத்தில் குதிரை வாங்குகிறவர் யார்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. "பொருளின் பெயர்தான் மாறும், மனிதனின் மனம் மாறாது. நீ படி" என்று நானும் விடை சொல்லி வந்தேன். அந்த விடையின் பொருள் எனக்கே விளங்குவதற்கு என் வீட்டு வாசலுக்கு ஒரு புதிய கார் வரவேண்டியிருந்தது.

துபாயில் பணிபுரியும் என் மூத்த மகன், பாட்டியை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு ஆட்டோவில் குலுங்கக் குலுங்க அழைத்துச் செல்வது கண்டு மனம் பொறாமல், தன் சேமிப்பில் ஒரு கார் வாங்கித் தந்தான். அருகிலுள்ள பெருநகர் ஒன்றின் விற்பனை நிலையத்தில் பதிவு செய்தோம். அந்நிலையத்தின் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. பிணக்குத் தீர்ந்த பிறகு ஒருவர் பெயரைத் தூற்றுவது முறையன்று.

வண்டியைப் பெற்றுக்கொள்ளச் சென்ற நாள் ஒரு கல்யாண வீடு போலிருந்தது. வண்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். மஃரிப் நேரம் நெருங்கிவிட்டது. நீட்டிய தாள்களில் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டேன். 'வண்டியைப் பார்த்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பது அவற்றுள் ஒரு தாளில் இருந்த வாசகம். நான் பார்த்தது மாலையைத்தான், வண்டியை அன்று. எத்தனையோ ஆண்டுகளாக 'பொருளைப் பார்க்கும் உரிமை' என்ற பாடத்தை நடத்துகிறவன், விளக்கொளியில், வெட்கத்தினால், ஒரு சுற்றுக் கூடச் சுற்றிப் பாராமல் ஒப்பமிட்டேன்.

ஒரு வாரம் கழித்து வெள்ளிமலைக்குப் புறப்பட்டோம். கல்வராயன் மலைக்கும் எங்கள் குடும்பத்திற்கும் பழைய தொடர்புண்டு. என் அத்தா அம்மலையின் புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றை அடிவாரத்தில் வாங்கிக் கள்ளக்குறிச்சியில் விற்றவர். மலைமக்கள் தலைச்சுமையாய் இறக்கிவந்த காலம் அது. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி என்று வைத்திருந்த வணிகர்களும் அக்காலத்தில் உண்டு. எழுத்தறியாத மலைமக்களிடம் பெரிய படியில் அளந்து வாங்கி, ஊரில் சிறிய படியில் அளந்து விற்பார்கள். அத்தாவிடம் ஒரே படிதான் இருந்தது. புளி மூட்டையின் அடியில் கையை விட்டு ஈரம் பார்ப்பார். ஈரம் இருந்தால் விற்பவரிடம் சொல்லி விலையைக் குறைப்பார். ஈரம் இல்லாத மூட்டைக்கு அவர்கள் குறைத்துக் கேட்டாலும் முழு விலையையும் எண்ணிக் கொடுப்பார். இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

அந்தப் பழைய பழக்கத்தின் தொடர்ச்சியாக, வெள்ளிமலையில் இன்றும் எங்களோடு உறவு போலப் பழகும் ஒரு குடும்பத்தின் திருமணத்திற்குச் சென்றோம். இளைய மகன் வண்டியை ஓட்டினான். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைக் கடந்து மலையேறினோம். மழை பிடித்துக்கொண்டது. கொண்டை வளைவு ஒன்றில் எதிரே வந்த பேருந்திற்கு வழிவிட ஒதுங்கியபோது, முன்பக்கப் பம்பர் தடுப்புக் கல்லில் உரசிவிட்டது. இறங்கிப் பார்த்தோம். ஒரு சாண் நீளத்திற்குக் கீறல். "பரவாயில்லை, உயிருக்குச் சேதமில்லை, அல்ஹம்து லில்லாஹ்" என்று மகனைத் தேற்றினேன்.

வெள்ளிமலையை அடைந்தபோது மற்றொன்று தெரிந்தது. பின்னிருக்கையின் இடப்பக்கக் காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. புதிய வண்டியில் மழைநீர் எப்படி உள்ளே வரும்? திரும்பும் வழியில் அடிவாரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் நிறுத்தினோம். அந்தத் தொழிலாளி ஏதும் பேசாமல் கதவுகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று கதவுகளும் ஒரே மாதிரி கணீரென்றன. பின்பக்க இடக்கதவின் கீழ்ப்பகுதி மட்டும் மழுங்கலாக ஒலித்தது. "ஐயா, இது கம்பெனியில் அடித்த பெயிண்ட் இல்லை. ஒடுங்கினதைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, மறுபடி அடித்திருக்கிறார்கள்" என்றார். ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் தெறித்திருந்த வண்ணப் புள்ளிகளைக் காட்டினார். கதவுக் கீல்களின் திருகாணித் தலைகளில் ஸ்பானர் பட்ட தழும்புகளையும் காட்டினார். கதவைக் கழற்றி மாட்டியதில் பீடிங் சரியாக உட்காரவில்லை, அதனால்தான் தண்ணீர் வருகிறது என்று விளக்கினார். பரிசோதனைக்கு அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் ஓர் ஆலோசனைச் சபையே கூடிவிட்டது. தொலைபேசியில் மூத்த மகன் கொதித்தான்: "அத்தா, விடக்கூடாது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு புதிய வண்டி தரச் சொல்லுங்கள்." என் மச்சான் உலகம் தெரிந்தவர். அவர் மெல்லச் சொன்னார்: "மச்சான், முன்பக்கக் கீறலையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். டெலிவரி எடுக்கும்போதே இரண்டும் இருந்தன என்றால் யார் மறுக்க முடியும்? ஏமாற்றினவனிடம் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் பாவமா?" நான் விடை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த யோசனை என் உள்ளத்திற்கும் ஒரு கணம் இனிக்கவே செய்தது.

எல்லாரும் உறங்கிய பின் குதூரீயை விரித்தேன். வணிகர் வழக்கில் விலையைக் குறைக்கக்கூடியது எதுவோ அது குறை என்று இமாமவர்கள் வரையறுக்கிறார்கள். பட்டி பூசிய கதவு அந்த வரையறைக்குள் ஐயமின்றி வந்தது. குறையைக் கண்ட கொள்வோனுக்கு முழு விலைக்கே பொருளை வைத்துக்கொள்ளவும் உரிமையுண்டு, திருப்பிக் கொடுத்துவிடவும் உரிமையுண்டு. ஆனால், கொள்வோனின் கையில் புதிதாக வேறொரு குறை நேர்ந்துவிட்டால், விற்றவன் இசைந்தாலன்றிப் பொருளைத் திருப்ப முடியாது. பழைய குறையினால் விலையில் ஏற்பட்ட குறைவை மட்டுமே கேட்டுப் பெறலாம். அதாவது, அந்த ஒரு சாண் கீறல், புதிய வண்டி கேட்கும் என் உரிமையைப் பறித்துவிட்டது. கீறலை மறைத்தால் மாற்றுவண்டி கிடைக்கலாம். சொன்னால் ஈட்டுத்தொகைதான் கிடைக்கும். முப்பது ஆண்டுகளாக நான் பிறருக்கு நடத்திய பாடம் அன்றிரவு எனக்கு எதிர்ச்சாட்சியாக எழுந்து நின்றது.

மற்றொரு சட்டமும் கண்ணில் பட்டது. குறையை அறிந்த பின்பும் வாகனப் பிராணியின் மீது தன் தேவைக்காக ஏறிச் செல்வது, அக்குறையைப் பொருந்திக்கொண்டதாகவே ஆகும் என்கிறது 'ஹிதாயா'. திருப்பிக் கொடுப்பதற்கோ தண்ணீர் காட்டுவதற்கோ ஏறினால் குற்றமில்லை. மறுநாள் முதல் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அம்மா மறுபடியும் ஆட்டோவில்தான் மருத்துவமனைக்குச் சென்றார். "வாசலில் தேர் நிற்க, நான் கட்டை வண்டியில் போகிறேனே தம்பி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

குதிரைக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஒருவரிடம் பெற்ற குதிரை, அவர்கள் கையில் இருக்கும்போது சேதமுற்றது. வரலாற்றாசிரியர்கள் சிற்சில வேறுபாடுகளுடன் இதை எழுதியுள்ளனர். உரிமையாளருக்கும் கலீஃபாவுக்கும் வழக்கு நேர்ந்தது. நடுவராக ஷுரைஹ் (ரஹ்) அவர்களை ஏற்றுக்கொண்டனர். குறையின்றிப் பெற்றதைக் குறையின்றித் திருப்ப வேண்டும், இயலாவிடில் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில், கலீஃபாவுக்கு எதிராகவே அவர் தீர்ப்பளித்தார். உமர் (ரழி) அவர்கள் அதற்குச் சினக்கவில்லை. அந்நடுவரையே கூஃபா நகரின் காழியாக அனுப்பினார்கள். அரசர்க்கரசராய் விளங்கியவர் தம் கையில் நேர்ந்த சேதத்தைத் தமது என்று ஏற்றுக்கொண்டார். மலைவளைவில் நேர்ந்த கீறலை ஏற்றுக்கொள்ள நான் ஏன் தயங்க வேண்டும்?

நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம் என்று எண்ணி, என்னிடம் ஓதிப் பின்னர் வழக்கறிஞராகிய மாணவர் ஒருவரைக் கண்டேன். செப்பனிட்ட பொருளைப் புதிது என்று பொய்யாகக் காட்டி விற்பதை, 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் முறையற்ற வணிகம் என்றே கூறுகின்றன என அவர் விளக்கினார். வெளியூரில் வாங்கிய பொருளாயினும், வாங்கியவர் வாழும் இடத்திற்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 இலட்சம் வரை 200 ரூபாய். இரு தரப்பும் இசைந்தால் ஆணையமே சமரசத்திற்கு அனுப்பும்.

யாரைப் பொறுப்பாக்குவது என்பதிலும் கவனம் வேண்டும் என்றார். கோவாவில் ஒருவருக்கு 2011-ஆம் ஆண்டு வண்டி என்று 2009-ஆம் ஆண்டு வண்டியைக் கொடுத்த வழக்கில், விற்பனையாளர் செய்த தவற்றுக்கு, அதனை அறிந்திருந்ததாக நிறுவப்படாத உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்க இயலாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே யார் கையில் குறை நேர்ந்தது என்பதைக் காட்டுவதே முதல் வேலை.

அமெரிக்க வழக்கு ஒன்றையும் அவர் எடுத்துரைத்தார். அலபாமா மாநிலத்து மருத்துவர் ஐரா கோர் 1990-இல் 40,000 டாலருக்குச் சற்று மேலான விலையில் பி.எம்.டபிள்யூ கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். ஒன்பது மாதங்கள் ஓட்டியும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மெருகேற்றக் கொடுத்த இடத்தில்தான் அது மறுவண்ணம் பூசப்பட்ட வண்டி என்பது வெளிப்பட்டது. செப்பனிடும் செலவு விலையில் நூற்றுக்கு மூன்று விழுக்காட்டிற்குள் இருந்தால் யாரிடமும் சொல்லாமல் புதிது என்றே விற்பது நிறுவனத்தின் கொள்கையாக இருந்ததாம். ஜூரிகள் 4,000 டாலர் ஈட்டுத்தொகையும் 40 இலட்சம் டாலர் தண்டத்தொகையும் விதித்தனர். மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தைப் பாதியாக்கியது. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் வரம்பு மீறியது என்றது. முடிவில் 1997-இல் அது 50,000 டாலராகக் குறைந்தது. மறைத்தது தவறு. அதற்காகக் கேட்கப்பட்ட தொகையும் அளவு கடந்தது. இரண்டையும் ஒரே வழக்கில் காண்கிறோம்.

மகனுடன் விற்பனை நிலையத்திற்குச் சென்றேன். மேலாளர் முதலில் மறுத்தார். "பாய், நல்ல நிலையில் பெற்றதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மலையில் ஓட்டி இடித்திருப்பீர்கள்" என்றார். நான் சொன்னேன்: "மலையில் இடித்தது உண்மைதான். ஆனால் இடித்தது முன்பக்கம். அந்தக் கீறல் எங்களால் நேர்ந்தது. அதற்கு நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது பின்கதவுக்குத்தான்." மகன் என் கையை அழுத்தினான். மேலாளர் அதை உடனே குறித்துக்கொண்டார். "வண்டி விபத்துக்குள்ளானதை வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார்" என்று எழுதி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். வழி முழுவதும் மகன் பேசவில்லை. வீடு நெருங்கும்போது, "அத்தா, உங்கள் உண்மை அவர்களுக்குத்தான் உதவிற்று" என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை.

ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பினேன். வாங்கிய நாள், கையெழுத்திட்ட சூழ்நிலை, மலையில் எங்களால் நேர்ந்த கீறல், பின்கதவின் நிலை, பட்டறைக்காரர் காட்டிய அடையாளங்கள் என அனைத்தையும் வரிசையாக எழுதினேன். பதினைந்து நாட்களில் மறுமொழி வராவிடில் மாவட்ட ஆணையத்தை அணுகுவேன் என்றும் குறிப்பிட்டேன். பத்தாம் நாள் அழைப்பு வந்தது.

இம்முறை முதலாளியே இருந்தார். என்னிலும் மூத்தவர். வண்ணத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார். மூன்று கதவுகளிலும் அது நூற்றுச் சொச்சம் மைக்ரான் காட்டியது. பின்பக்க இடக்கதவின் கீழ்ப்பகுதியில் முந்நூறைத் தாண்டியது. முன்பக்கப் பம்பர் பிளாஸ்டிக் ஆதலால் அங்கே கருவி எதையும் காட்டவில்லை. அந்தக் கீறல் டெலிவரிக்கு முந்தியதா பிந்தியதா என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர்கள் நாங்கள் மட்டுமே.

முதலாளி என் கடிதத்தை மறுபடியும் படித்தார். "இந்த முன்பக்கச் சமாசாரத்தை நீங்களாகவே எழுதினீர்களா?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். மேலாளரை அழைத்துக் கிடங்குப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னார். வேறொரு வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது எங்கள் வண்டியின் கதவில் மோதியது, அங்கேயே செப்பனிட்டது, எல்லாம் நாளோடு அதில் இருந்தன. மேலாளர், "சிறிய வேலைதான் சார். இதையெல்லாம் சொல்வது வழக்கமில்லை" என்றார். அமெரிக்க நிறுவனத்தின் மூன்று விழுக்காட்டுக் கொள்கை என் நினைவுக்கு வந்தது. மறைப்பு என்பது பெரும்பாலும் பெரிய பொய்யாக வருவதில்லை, 'சொல்வது வழக்கமில்லை' என்ற சிறிய வழக்கமாகவே வருகிறது. மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வணிகரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். நனைந்ததற்காக அவரை அவர்கள் கடியவில்லை. மறைத்ததற்காகவே கடிந்தார்கள்.

அன்று மாலைக்குள் உடன்பாடு ஆயிற்று. கதவையும் பீடிங்கையும் புதிதாக மாற்றித் தருவது. கதவு மாற்றிய வண்டி என்பதனால் மறுவிற்பனையில் குறையும் மதிப்பை, பழைய கார் வணிகர் இருவரைக் கேட்டு அவர்கள் சொன்ன கணக்கின்படி, 20,000 ரூபாயாகத் தருவது. பம்பருக்கு வண்ணம் பூசும் செலவு 4,500 ரூபாய் எங்களுடையது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் நீண்ட வசனம் பகரா அத்தியாயத்தில் உண்டல்லவா? இதையும் இரு படிகள் எழுதி, இரு சாட்சிகளுடன் கையெழுத்திட்டோம். இம்முறை நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

மூத்த மகனுக்கு இன்றுவரை முழு நிறைவில்லை. "புதிய வண்டியே வாங்கியிருக்கலாம்" என்பான். மச்சானும் அதையே சொல்கிறார். அவர்கள் கணக்கு தவறு என்று நான் வாதிடுவதில்லை. உண்மையைச் சொன்னதனால்தான் முதலாளி பதிவேட்டைத் திறந்தார் என்றும் நான் பெருமை பேசமாட்டேன். அவர் திறக்காமலே போயிருக்கலாம். அப்போதும் அந்தக் கீறல் எங்களுடையதாகவே இருந்திருக்கும்.

திருமறையின் 83-ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைப் பற்றியது. அவர்களின் அடையாளமாக அது சொல்வதை ஊன்றிப் பாருங்கள். பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்துகொள்கிறார்கள், பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறார்கள். இதை விற்பவருக்கு மட்டும் வந்த எச்சரிக்கை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். முறையீடு செய்பவன் கையிலும் ஒரு படி இருக்கிறது. தனக்கு நேர்ந்த குறையைப் பெரிய படியிலும், தன்னால் நேர்ந்த குறையைச் சிறிய படியிலும் அளக்க அவனுக்கும் ஆசை வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழவந்த பட்டினப்பாலை, அவர்கள் கொள்வதிலும் மிகையாகக் கொள்ளார், கொடுப்பதிலும் குறைவாகக் கொடார் என்ற கருத்தையே சிறப்பாகக் கூறுகிறது. அடிவாரத்தில் ஒரே படியுடன் உட்கார்ந்திருந்த என் அத்தா இந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் அவர் அறிந்திருந்தது இதுதான்.

வாசக நேயர்களுக்குச் சில சொற்கள். புதிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். கதவுகளைத் திறந்து ரப்பர் ஓரங்களையும் திருகாணிகளையும் நோக்குங்கள். தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் ஓடிய தூரத்தையும் சரிபாருங்கள். இவற்றைப் பதிவுக்கு முன்பே செய்யுங்கள். குறை கண்டால் அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலைக்கும் இனிப்புக்கும் பிறகு நேரம் இருக்கிறது. அப்படியும் பிணக்கு வந்தால், உங்கள் பக்கத்துக் குறையை முதலில் எழுதிவிட்டு, பிறகு எதிர்த்தரப்புக் குறையை எழுதுங்கள்.

இவ்வாண்டும் அந்தப் பாடம் வந்தது. வழக்கம்போல் ஒருவன் குதிரையைப் பற்றிக் கேட்டான். வண்டியின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவன், "கீறலை மறைத்திருந்தால் புதிய வண்டி கிடைத்திருக்குமா, ஹஜரத்?" என்றான். "கிடைத்திருக்கலாம்" என்றேன். "பிறகு நாளை உங்களுக்கு இந்தப் பாடத்தை நடத்த நான் வரவேண்டுமே" என்று சொல்லி அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். அம்மா இப்போது காரில்தான் மருத்துவமனைக்குச் செல்கிறார். வாங்கும் அளவையும் கொடுக்கும் அளவையும் நம் கைகளில் ஒன்றாக ஆக்கி வைக்க இறைவன் அருள்வானாக.